சோடாவுக்கும் சுண்ணாம்புக்கும் நடுவில்: நெய்வேலிப் புகையும் யூடெக்டிக் கரைப்பானும்

கடலூர் முதுநகரைச் சேர்ந்த, எம்.எஸ்சி. வேதியியல் இறுதியாண்டு படிக்கும் மாணவர் ஒருவர் மூன்று கேள்விகளை எழுதி அனுப்பியிருக்கிறார். கார்பன் டை ஆக்சைடைப் பிடிப்பதில், கோலின் குளோரைடையும் யூரியாவையும் கலந்து செய்யும் ஆழ் யூடெக்டிக் கரைப்பான், ஆலைகளில் வழக்கமாகப் பயன்படும் அமீன் (அம்மோனியாவின் வழிவந்த நைட்ரஜன் காரம்) கரைசலைவிடச் சிறந்தது என்று படித்தேன், அது உண்மையா என்பது முதல் கேள்வி. அதைக் கொண்டு நெய்வேலி அனல்மின் நிலையப் புகையிலிருந்து கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்க முடியுமா என்பது இரண்டாவது. எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் இருக்கும் எளிய கருவிகளை வைத்து, உரக்கடை யூரியாவைக் கொண்டே இதைச் செய்து பார்க்கலாமா என்பது மூன்றாவது. உரத் தொழிற்சாலையொன்றில் வாயுவைக் கழுவும் அமீன் கோபுரத்தோடு பல ஆண்டுகள் மல்லுக்கட்டிவிட்டு, இப்போது புதுச்சேரியில் மாணவர்களின் ஆய்வுக்கு உடனிருந்து உதவுபவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரணங்கள் பின்னால் வரும். கோலின் குளோரைடும் யூரியாவும் சேர்ந்த கரைப்பானை வைத்து நெய்வேலிப் புகைபோக்கியில் கார்பன் டை ஆக்சைடைப் பிடிப்பது கட்டுப்படியாகாது. அமீன் சேர்த்துச் செய்த யூடெக்டிக் கரைப்பான்கள் நன்றாகவே பிடிக்கும். ஆனால் அவற்றை அமீனுக்கு மாற்று என்று சொல்வதைவிட, அமீன் வேறு சட்டை போட்டு வந்திருக்கிறது என்று சொல்வதே பொருந்தும். ஆய்வகத்தில் தாராளமாகச் செய்து பாருங்கள். ஆனால் நம் கடலோரக் காற்று உங்கள் தராசை ஏமாற்றிவிடும் என்பதையும் இப்போதே சொல்லி வைக்கிறேன்.

யூடெக்டிக் என்ற சொல் புதிதாக இருந்தாலும் விஷயம் பழையது. குல்பி விற்பவர் பனிக்கட்டியோடு கல்லுப்பைப் போடுகிறார். தண்ணீர் 0 டிகிரியில் உறையும். உப்போ 801 டிகிரியில்தான் உருகும். ஆனால் எடையில் ஏறத்தாழ 23 சதவீதம் உப்பு சேர்ந்த கலவை மைனஸ் 21 டிகிரி வரை திரவமாகவே நிற்கிறது. ரேடியோ பழுதுபார்ப்பவர் கையிலிருக்கும் சால்டரிங் கம்பியும் அப்படித்தான்: வெள்ளீயம் 232 டிகிரியிலும் காரீயம் 327 டிகிரியிலும் உருகுபவை; 63க்கு 37 என்று சேர்த்தால் 183 டிகிரியிலேயே உருகுகின்றன. இரண்டு பொருள்கள் ஒன்றின் படிகக் கட்டுக்கோப்பில் மற்றொன்று இடையூறு செய்வதால், தனித்தனியே இருந்ததைவிடத் தாழ்ந்த வெப்பநிலையில் உருகும் கலவை யூடெக்டிக் கலவை. அந்தத் தாழ்வு எதிர்பார்ப்பை மீறி மிகுந்திருந்தால் 'ஆழ்' என்ற அடைமொழி சேர்கிறது.

2003ஆம் ஆண்டு இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ அபாட்டும் அவருடைய குழுவினரும் கோலின் குளோரைடு ஒரு மோலுக்கு யூரியா இரண்டு மோல் என்ற விகிதத்தில் கலந்து, 12 டிகிரி செல்சியஸில் உருகும் திரவம் ஒன்றை அறிவித்தார்கள். யூரியாவின் உருகுநிலை 133 டிகிரி. கோலின் குளோரைடுக்கு 302 என்று எழுதுவார்கள். உண்மையில் அந்தச் சூட்டில் அது உருகுவதோடு சிதையவும் தொடங்கிவிடுகிறது. கலவையை நன்றாக உலர்த்தி அளந்தவர்களுக்கு 12ஐவிட உயர்ந்த எண்ணே கிடைத்திருக்கிறது, ஏனெனில் சிறிதளவு ஈரமும் உருகுநிலையைக் கீழே இழுத்துவிடுகிறது. நம் ஊர் வெயிலில் எப்படியும் அது திரவமாகத்தான் இருக்கும். யூரியாவின் நைட்ரஜனோடு ஒட்டிய ஹைட்ரஜன்கள் குளோரைடு அயனியைச் சூழ்ந்து ஹைட்ரஜன் பிணைப்புகளை உண்டாக்குவதால், குளோரைடுக்கும் பருத்த கோலின் அயனிக்கும் இடையிலான இறுக்கம் தளர்ந்து படிகம் கட்ட முடியாமல் போகிறது என்பதே பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். இந்தத் திரவத்துக்கு ரெலைன் என்று பெயர். யூரியாவுக்குப் பதில் எத்திலீன் கிளைக்கால் போட்டால் எத்தலைன், கிளிசரால் போட்டால் கிளிசலைன்.

இவற்றின்மேல் இத்தனை பேருக்கு ஆசை வந்ததற்குக் காரணம் உண்டு. இவற்றுக்கு முன்னால் அயனித் திரவங்கள் (தாழ்ந்த வெப்பத்திலேயே திரவமாகும் உப்புகள்) என்ற வகை பெரிதாகப் பேசப்பட்டது. அவற்றைத் தயாரிக்கப் பல படிகளும் சுத்திகரிப்பும் வேண்டும், விலையும் கட்டாது. ரெலைனுக்கோ இரண்டு வெள்ளைப் பொடிகளை எடைபோட்டு, 80 டிகிரியில் வைத்துக் கலக்கினால் போதும். கோலின் குளோரைடு நாமக்கல் கோழிப் பண்ணைகளுக்குத் தீவனத்தோடு போகும் சரக்கு. யூரியாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆவியழுத்தம் மிகக் குறைவு, தீப்பிடிக்கும் அச்சம் இல்லை. இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது: யூரியாவே அம்மோனியாவோடு கார்பன் டை ஆக்சைடைச் சேர்த்துச் செய்வதுதான், ஒரு டன் யூரியாவுக்குள் 0.73 டன் கார்பன் டை ஆக்சைடு அடங்கியிருக்கிறது. ஏற்கெனவே பிடிபட்ட வாயுவைக் கொண்டு இன்னும் வாயுவைப் பிடிக்கப் பார்க்கிறோம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கார்பன் டை ஆக்சைடை ஒரு திரவம் ஏற்றுக்கொள்ள இரண்டு வழிகள் உண்டு. ஒன்று கோலி சோடாவின் வழி. பாட்டிலுக்குள் அழுத்தம் இருக்கும்வரை வாயு தண்ணீரில் கரைந்து அடங்கியிருக்கும். கோலியை உள்ளே அழுத்தியதும் சீறிக்கொண்டு வெளியேறும். வாயுவுக்கும் தண்ணீருக்கும் இடையே பெரிய உறவு எதுவும் இல்லை. அழுத்தம் எவ்வளவோ கரைவதும் அவ்வளவு. இதைத்தான் ஹென்றி விதி என்று படித்திருப்பீர்கள். மற்றொன்று சுண்ணாம்பின் வழி. சுவருக்கு அடித்த நீற்றுச் சுண்ணாம்பு காற்றில் இருக்கும் 0.04 சதவீதக் கார்பன் டை ஆக்சைடைக்கூடத் தேடிப் பிடித்துக் கால்சியம் கார்பனேட்டாக இறுகிவிடுகிறது. ஆனால் பிடித்ததை விடுவிக்க வேண்டுமானால் காளவாயில் 900 டிகிரி வரை சூடேற்ற வேண்டும். சோடா பிடிப்பதில் சோம்பேறி, விடுவதில் வள்ளல். சுண்ணாம்பு நேர் எதிர். புகைபோக்கியில் வைக்கும் திரவம் இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். மெலிந்த புகையிலிருந்தும் பிடிக்க வேண்டும், 120 டிகிரி நீராவிச் சூட்டில் விட்டுவிடவும் வேண்டும். மோனோ எத்தனால் அமீன் அந்த நடு இடத்தைப் பிடித்துக்கொண்டு தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது. அமீன் கொண்டு அமில வாயுக்களை நீக்கும் முறைக்கு ஆர். ஆர். பாட்டம்ஸ் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது 1930இல்.

ரெலைன் எந்தப் பக்கம் என்றால், அசல் சோடாப் பக்கம். யூரியாவில் நைட்ரஜன் இருக்கிறதே, அது அமீன்போல வேலை செய்யாதா என்று உங்களுக்குத் தோன்றும். செய்யாது. யூரியாவின் நைட்ரஜன்களில் உள்ள தனி எலக்ட்ரான் இணையைப் பக்கத்திலிருக்கும் கார்பனைல் தொகுதி தன் பக்கம் இழுத்துக்கொள்வதால் அதற்குக் காரத்தன்மை இல்லாத அளவுக்குக் குறைந்துவிடுகிறது, அமீனும் கார்பன் டை ஆக்சைடும் இணைந்தால் வரும் கார்பமேட் என்ற சேர்மம் இங்கே உண்டாவதில்லை. மூலக்கூறுகளுக்கு இடையிலுள்ள வெற்றிடங்களில் வாயு போய் உட்காருகிறது, அவ்வளவே.

எண்களைப் பார்த்தால் இது தெளிவாகும். 30 டிகிரியில், ஏறத்தாழ 56 பார் அழுத்தத்தில் (1 பார் என்பது ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்), ஒரு கிலோ ரெலைன் 3.5 மோல், அதாவது 155 கிராம் அளவுக்குக் கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொள்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வந்தால் கரைவதும் ஏறத்தாழ நேர்விகிதத்தில் குறையும். 1 பாரில் கிலோவுக்கு 3 கிராமுக்கும் கீழே வந்து நிற்கும். அதே நிலையில் வெறும் தண்ணீர் லிட்டருக்கு ஒன்றேகால் கிராம் கரைக்கிறது. இத்தனை ஆய்வுக் கட்டுரைகளில் புகழப்படும் கரைப்பான், சாதாரண அழுத்தத்தில் குழாய்த் தண்ணீரைப்போல இரண்டு மடங்குதான் பிடிக்கிறது. அனல்மின் நிலையப் புகையில் கார்பன் டை ஆக்சைடு எட்டில் ஒரு பங்கு அளவுக்கே இருக்கும். மொத்த அழுத்தத்தில் அதன் பங்கு, அதாவது பகுதி அழுத்தம், 0.13 பார் என்று வைத்தால், ஒரு கிலோ ரெலைனுக்கு 0.4 கிராம்கூடத் தேறாது. எடையில் 30 சதவீத மோனோ எத்தனால் அமீன் கரைசல் அதே புகையில், சூடேற்றி விடுவித்து மீண்டும் பிடிக்கும் ஒவ்வொரு சுற்றிலும் கிலோவுக்கு 50 கிராம் அளவுக்கு வேலை செய்யும். நூறு மடங்குக்கு மேற்பட்ட வேறுபாடு இது.

இதை நெய்வேலியில் பொருத்திப் பாருங்கள். இரண்டாம் அனல்மின் நிலையத்தில் 210 மெகாவாட் அலகுகள் ஏழு உள்ளன. ஓர் அலகை மட்டும் எடுத்துக்கொள்வோம். பழுப்பு நிலக்கரி தரும் ஒவ்வொரு கிகா ஜூல் வெப்பத்துக்கும் 101 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறும் என்பது பொதுவாக எடுத்துக்கொள்ளப்படும் கணக்கு. அலகின் திறன் 30 சதவீதம் என்று வைத்தால் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 1.2 கிலோ வரும். முழுச் சுமையில் ஓடும்போது மணிக்கு 250 டன். அதில் 90 சதவீதத்தைப் பிடிக்க, அமீனாக இருந்தால் மணிக்கு 4,500 டன் கரைசல் கோபுரத்துக்குள் சுற்றிவர வேண்டும். இதுவே பெரிய பம்புகளைக் கேட்கும் வேலைதான், ஆனால் செய்யக்கூடியது. ரெலைனாக இருந்தால் மணிக்கு ஐந்து லட்சத்து அறுபதாயிரம் டன் சுற்ற வேண்டும். அந்த ஓட்டத்தைக் காட்டுமன்னார்கோயில் பக்கம் திருப்பிவிட்டால், 1.465 டி.எம்.சி. கொள்ளளவுள்ள வீராணம் ஏரி நான்கே நாளில் தளும்பும். ஒரே திரவம்தானே சுற்றிச் சுற்றி வருகிறது என்று நீங்கள் சொல்லலாம். சரிதான், ஆனால் பம்பு செய்ய வேண்டிய அளவு அதுதான், அதுவும் ஒரே ஓர் அலகுக்கு.

அப்படியானால் புகையை அழுத்திவிட்டால் என்ன என்ற கேள்வி வரும். அழுத்தலாம், ஆனால் அழுத்தப்படுவதில் பெரும்பகுதி நமக்கு வேண்டாத நைட்ரஜன். கார்பன் டை ஆக்சைடின் பகுதி அழுத்தம் 10 பார் ஆக வேண்டுமென்றால் மொத்தப் புகையையும் 75 பார் வரை கொண்டுபோக வேண்டும். இழப்பே இல்லாத கற்பனைக் கம்ப்ரசர் ஒன்றை வைத்துக் கணக்கிட்டாலும், உற்பத்தியாகும் ஒவ்வொரு யூனிட்டிலும் 0.6 யூனிட்டுக்கு மேல் அதற்கே போய்விடும். வெளியேறும் நைட்ரஜனை டர்பைன் வழியே விட்டு ஒரு பகுதியை மீட்கலாம் என்றாலும், மிஞ்சும் மின்சாரத்தை வைத்துக்கொண்டு நிலையத்தை நடத்த யாரும் முன்வரமாட்டார்கள்.

கொள்ளளவு ஒரு பக்கம் இருக்கட்டும். கோபுரத்தில் நின்று வேலை பார்த்தவனை அதைவிட அதிகம் கவலைப்படுத்துவது பாகுத்தன்மை. தண்ணீரின் பாகுத்தன்மை 25 டிகிரியில் 0.9 சென்டிபாய்ஸ். ரெலைனுக்கு அதே வெப்பநிலையில் 750 என்ற அளவில் சொல்கிறார்கள், அதாவது ஏறத்தாழ விளக்கெண்ணெய். 40 டிகிரிக்குப் போனால் 170 ஆகிறது. கிளிசலைன் இதைவிடத் தேவலை. எத்தலைன் 25 டிகிரியில் 40 சென்டிபாய்ஸுக்குள் அடங்கி, சமையல் எண்ணெயைவிடச் சற்று இளகியே ஓடும். உறிஞ்சும் கோபுரத்தில் திரவம் மெல்லிய படலமாக நிரப்புப் பொருளின்மீது வழிய வேண்டும், வாயு அந்தப் படலத்துக்குள் ஊடுருவ வேண்டும். படலம் தடித்தால் ஊடுருவல் மந்தமாகும், கோபுரம் உயர வேண்டும், புகையைத் தள்ளும் விசிறிக்கு மின்சாரம் கூடும். விளக்கெண்ணெயைக் கோபுரத்தில் வழியவிட்டு வாயுவைப் பிடிப்பதாக நினைத்துப் பாருங்கள். நான் சொல்ல வருவது புரியும்.

தண்ணீர் சேர்த்து இளக்கலாமே என்றால், இளகும். ஆனால் ரெலைனில் தண்ணீர் கூடக் கூட வாயுவின் கரைதிறன் குறைகிறது. ஏற்கெனவே கையில் இருப்பது கிலோவுக்கு 0.4 கிராம்.

இவ்வளவு சொல்லிவிட்டு அமீனை நான் தூக்கிப் பிடிப்பதாக எண்ண வேண்டாம். அதன் குறைகளை நான் நன்றாக அறிவேன். கார்பமேட் உண்டாக இரண்டு அமீன் மூலக்கூறுகள் ஒரு கார்பன் டை ஆக்சைடுக்குச் செலவாகின்றன. புகையில் உள்ள ஆக்சிஜன் அமீனை மெல்ல மெல்லச் சிதைக்கிறது, கரைசல் பழுப்பேறுகிறது, சிதைந்த பொருள்கள் இரும்பை அரிக்கின்றன, அதனால்தான் 30 சதவீதத்துக்குமேல் போகத் தயங்குகிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாகச் சூடு: ஒரு டன் கார்பன் டை ஆக்சைடை விடுவிக்க 3.5 முதல் 4 கிகா ஜூல் வரை நீராவி வேண்டும். அதில் பாதிதான் வேதிப் பிணைப்பை அவிழ்க்கப் போகிறது. மீதி, கரைசலில் 70 சதவீதமாக இருக்கும் தண்ணீரைச் சூடாக்கவும் அதில் ஒரு பகுதியை ஆவியாக்கவும் போகிறது. யூடெக்டிக் கரைப்பான்காரர்கள் குறிவைப்பது இந்த மீதியைத்தான். தண்ணீரின் தன்வெப்பம் ஒரு கிராமை ஒரு டிகிரி சூடாக்க 4.2 ஜூல், ரெலைன் வகைக்கு அதில் பாதி. ஆவியாகிப் போகத் தண்ணீரும் இல்லை. தண்ணீரை விலக்கிவிட்டு, அதன் இடத்தில் ஆவியாகாத ஒரு திரவத்தை வைத்துக்கொண்டு, அமீனின் பிடிக்கும் ஆற்றலை மட்டும் அப்படியே காப்பாற்ற முடிந்தால் அது பெரிய காரியம். அவர்களுடைய எண்ணத்தில் பிழை இல்லை.

அந்த எண்ணத்தில் பிறந்தவைதான் வினைத்தொகுதி சேர்த்த யூடெக்டிக் கரைப்பான்கள். மோனோ எத்தனால் அமீன் ஹைட்ரோகுளோரைடு ஒரு பங்கும் எத்திலீன் டை அமீன் மூன்று பங்கும் சேர்ந்த கலவை, சாதாரண அழுத்தத்தில் 30 டிகிரியில் தன் எடையில் 30 சதவீதத்துக்கு மேல் கார்பன் டை ஆக்சைடை ஏற்பதாக 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. கோலின் குளோரைடு, கிளிசரால் ஆகியவற்றோடு வலிய கரிமக் காரம் ஒன்றைச் சேர்த்த மும்மைக் கலவைகள் 10 சதவீதம் அளவுக்குப் பிடிக்கின்றன. அங்கே காரம் கிளிசராலின் ஹைட்ராக்சில் தொகுதியிலிருந்து ஹைட்ரஜனை உருவ, எஞ்சிய ஆக்சிஜன் வாயுவைப் பற்றிக்கொள்கிறது. இந்த எண்கள் உண்மையானவை. ஆனால் முதல் கலவையில் பிடிக்கிற கை யாருடையது என்று பாருங்கள்: எத்திலீன் டை அமீனுடையது. அதன் கொதிநிலை 117 டிகிரி. வாயுவை விடுவிக்க 100 டிகிரிக்குச் சூடேற்றும்போது அமீனும் கூடவே கிளம்பிவிடும். ஆவியாகாத கரைப்பான் என்ற பெருமை அங்கேயே போயிற்று. அதோடு, கார்பமேட் சேரச் சேரத் திரவம் தேன்போல இறுகிக்கொண்டே வரும். முக்கால்வாசி நிறைந்த பிறகு காந்தக் கலக்கி சுற்ற மறுத்து நின்றுபோவதை நானே பார்த்திருக்கிறேன். அதை இளக்கத் தண்ணீர் சேர்ப்பார்கள். சேர்த்தபின் பாட்டிலில் இருப்பது அமீனும் தண்ணீரும் கொஞ்சம் உப்பும். ஒரு சுற்றுச் சுற்றி 1930க்கே வந்துவிட்டோம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இத்துறைக் கட்டுரைகளில் பெரும்பாலானவை சிலிண்டரிலிருந்து வரும் உலர்ந்த, தூய கார்பன் டை ஆக்சைடை வைத்து அளந்தவை. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியின் எடையில் ஏறத்தாழப் பாதி ஈரம். அது முழுவதும் ஆவியாகிப் புகையோடுதான் வருகிறது. ஈரத்தை விரும்பி இழுக்கும் கரைப்பானுக்கு அந்தப் புகையில் முதல் விருந்து தண்ணீர்தான். அடுத்து கந்தக டை ஆக்சைடு. கோலின் குளோரைடும் கிளிசராலும் சமபங்கு சேர்ந்த கலவை, 20 டிகிரியில் தூய கந்தக டை ஆக்சைடைத் தன் எடையில் பாதிக்குமேல் விழுங்கும். அந்த வாயுவைப் பிடிக்க இக்கரைப்பான்கள் உண்மையிலேயே பொருத்தமானவை என்று நினைக்கிறேன், அது தனிக் கதை. ஆனால் கார்பன் டை ஆக்சைடுக்கு என்று வைத்த இடத்தில் கந்தகம் வந்து உட்கார்ந்துகொண்டால் எழுப்புவது சிரமம்.

அப்படியென்றால் ரெலைன் வகைக்கு எங்கே இடம்? வாயு ஏற்கெனவே அழுத்தத்தில் இருக்கும் இடங்களில். இயற்கை எரிவாயுச் சுத்திகரிப்பு ஒன்று. சாண எரிவாயுவையும் ஆலைக் கழிவிலிருந்து வரும் எரிவாயுவையும் சுத்தம் செய்து வாகனங்களுக்கு நிரப்பும் வேலை மற்றொன்று. அந்த எரிவாயுவில் 35 முதல் 45 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு. எப்படியும் அழுத்தித்தான் அனுப்பப் போகிறார்கள். இன்றைக்கு அதை 8 அல்லது 10 பாரில் வெறும் தண்ணீரால் கழுவுகிறார்கள். தண்ணீரைப்போல இரண்டு மடங்கு பிடிப்பது அங்கே ஒரு லாபம்தான், ஏனெனில் போட்டியே தண்ணீரோடு. ஆனால் செலெக்சால் என்ற பெயரில் விற்கும் பாலி எத்திலீன் கிளைக்கால் ஈதர்களும் தாழ்ந்த வெப்பநிலையில் பயன்படும் மெத்தனாலும் அந்தக் களத்தில் பல பத்தாண்டுகளாக நிற்கின்றன. அவை ரெலைனைவிட மிக இளக்கமானவை. கரும்பாலையோடு ஒட்டிய எரிசாராய ஆலைகளைப் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். நொதிக்கும் தொட்டியிலிருந்து ஒரு டன் சாராயத்துக்கு 0.95 டன் கார்பன் டை ஆக்சைடு வருகிறது, அதுவும் ஏறத்தாழத் தூயதாகவே. அங்கே கரைப்பானே தேவையில்லை. கழுவி, உலர்த்தி, அழுத்தினால் போதும்.

கொதிகலன் புகையிலிருந்து பிடிப்பதற்குத் தமிழ்நாட்டிலேயே தூத்துக்குடி ஒரு முன்மாதிரி. ஆல்கலி தொழிற்சாலையின் நிலக்கரிக் கொதிகலன் புகையிலிருந்து ஆண்டுக்கு 60,000 டன் பிடித்துச் சோடா உப்பாக்கும் திட்டம் 2017 தொடக்கத்தில் உலகச் செய்தியானது. அங்கே பயன்பட்டதும் அமீன் வழி வந்த கரைசல்தான்.

இனி மூன்றாவது கேள்வி. இதை விரிவாகச் சொல்லக் காரணம், இதில் நாங்கள் பட்ட அடி. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கார்த்திகை மாதத்தில், மழை விட்டும் விடாமலும் பெய்துகொண்டிருந்த நேரத்தில், ஆய்வு மாணவி ஒருவர் புதுச்சேரி ஆய்வகம் ஒன்றில் 10 கிராம் ரெலைனுக்குள் மூன்று மணி நேரம் கார்பன் டை ஆக்சைடைக் குமிழியிட்டு, எடை 190 மில்லிகிராம் கூடியிருப்பதாக மகிழ்ச்சியோடு காட்டினார். கிட்டத்தட்ட 2 சதவீதம். 1 பாரில் அவ்வளவு கரைய வழியே இல்லை; 28 மில்லிகிராம் கரைந்தால் அதிகம். சமையல் சோடாவில் அமிலத்தை விட்டு வாயுவை உண்டாக்கி, அதைத் தண்ணீர்ப் பாட்டில் வழியே கழுவி, நேரே ரெலைனுக்குள் விட்டிருந்தார்கள். நான் மீன்தொட்டிக்கு வைக்கும் சிறிய காற்றுப் பம்பு ஒன்றை வாங்கிவரச் சொல்லி, வாயு உற்பத்தியைக் கழற்றிவிட்டு, அதே தண்ணீர்ப் பாட்டில் வழியே வெறும் காற்றை மூன்று மணி நேரம் விடச் செய்தேன். எடை 170 மில்லிகிராம் கூடியது. அவர் பிடித்திருந்தது புதுச்சேரியின் ஈரத்தை. அந்தப் பெண் அன்றைக்கு மதியம் சாப்பிடவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் காட்டிய எந்த எண்ணையும் நான் இரண்டாம் முறை கேட்க வேண்டியிருந்ததில்லை.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது இது. கோலின் குளோரைடை வாங்கியதும் மூடியைத் திறந்து வைக்காதீர்கள். கடலூர்க் காற்றில் ஒரு கடிகாரக் கண்ணாடியில் சிறிது கொட்டி வைத்தால், மதிய உணவு முடிந்து திரும்புவதற்குள் ஓரங்கள் கசிந்து பளபளப்பதைப் பார்ப்பீர்கள். வெற்றிட அடுப்பில் 60 முதல் 80 டிகிரிக்குள் இரவு முழுவதும் உலர்த்தி, ஈரம் புகாத உலர்கலனில் ஆறவைத்து, எடுத்த உடனே எடைபோடுங்கள். கோலின் குளோரைடு 13.96 கிராம், யூரியா 12.01 கிராம், மூடிய குடுவையில் 80 டிகிரியில் கலக்கினால் முதலில் ஈர மணல்போலக் கட்டிகட்டியாக இருந்து, பிறகு கஞ்சியாகி, ஓரிரு மணி நேரத்தில் கண்ணாடிபோலத் தெளியும். அவசரப்பட்டு 100ஐத் தாண்டாதீர்கள். யூரியா சிதைந்து அம்மோனியா வரும். நனைத்த சிவப்பு லிட்மஸ் தாளைக் குடுவை வாயில் பிடித்தால் நீலமாவதைக் கொண்டே அதைக் கண்டுபிடித்துவிடலாம். வாயுவை அடர் கந்தக அமிலம் வைத்த பாட்டில் வழியே உலர்த்தி விடுங்கள், நடுவில் ஒரு காலிப் பாட்டில் பாதுகாப்புக்கு இருக்கட்டும். வாயுவோடு செய்யும் ஒவ்வோர் அளவீட்டுக்கும் உலர்ந்த காற்றோடு ஓர் எதிர் அளவீடு செய்து கழித்துக்கொள்ளுங்கள்.

ரெலைனில் மட்டும் நின்றுவிட்டால் உங்களுக்குக் கிடைப்பது மற்றவர்கள் ஏற்கெனவே அளந்த சிறிய எண்தான். கிளிசலைனில் மோனோ எத்தனால் அமீனை 10, 20, 30 சதவீதம் என்று சேர்த்து, அதே சதவீதம் அமீன் உள்ள தண்ணீர்க் கரைசலோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். இங்கே எடையை நம்பவே வேண்டாம்: வாயு ஏறிய கரைசலில் குறிப்பிட்ட அளவு எடுத்து, மூடிய குடுவையில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு, வெளிவரும் வாயுவை உப்புநீர் நிரப்பிய ப்யூரெட்டில் அளந்தால் ஈரம் உங்களை ஏமாற்ற முடியாது. ஒவ்வொரு முறையும் ஆஸ்ட்வால்டு விஸ்காமீட்டரில் (பாகுத்தன்மை அளக்கும் கண்ணாடிக் குழாய்) ஓடும் நேரத்தை வாயு ஏறுமுன்னும் ஏறியபின்னும் குறித்துவையுங்கள். பிறகு 90 டிகிரியில் விடுவித்து, மறுபடி ஏற்றி, பத்துச் சுற்று பாருங்கள்; முதல் சுற்றின் எண்ணைக் கட்டுரையின் தலைப்பில் போடுபவர்கள் பலர், பத்தாவது சுற்றின் எண்ணைக் கொடுப்பவர்கள் குறைவு. கார்பமேட் உண்டானதா, கிளிசராலோடு கார்பனேட் உண்டானதா என்று பிரித்தறிய வேண்டுமானால் கார்பன் என்.எம்.ஆர். (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) அளவீடு தேவை, காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகத்தின் மையக் கருவியகத்துக்கு உங்கள் துறைத்தலைவர் வழியாக மாதிரியை அனுப்பிக் கேட்கலாம்.

உரக்கடை யூரியா வேண்டாம். 2015 முதல் நாட்டில் விற்கும் வேளாண் யூரியா ஏறத்தாழ முழுவதும் வேப்பெண்ணெய் பூசியே வருகிறது. அதை உருக்கினால் கலங்கலாகவும் வேம்பு வாடையோடும் ஒரு திரவம் கிடைக்கும், அதன் பாகுத்தன்மையை அளந்து பயனில்லை. கோழித் தீவனக் கோலின் குளோரைடும் அப்படித்தான்: 60 சதவீதம் என்று மூட்டையில் எழுதியிருக்கும், மீதி பெரும்பாலும் அரைத்த மக்காச்சோளத் தக்கை. ஆய்வகத் தர யூரியா அரைக்கிலோ பாட்டில் ஒன்று வாங்கினால், 12 கிராம் கணக்கில் நாற்பது முறை செய்து பார்க்க வரும்.